காது கேளாத நோயாளியும் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையும்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 20 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் வரும் ஒருவருக்கு வயது 42. பிறவியிலேயே காது கேட்காது. அவர் மனைவிக்கும் கேட்காது. இருவரும் சைகையில் பேசிக்கொள்வார்கள். சர்க்கரை நோய்க்கு மூன்று மாதமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். 11 வயது மகள் கூட வந்து, நாங்கள் சொல்வதை அவருக்குச் சொல்வாள். போன மாதம் ரத்தப் பரிசோதனைக்காக, "காலையில் சாப்பிடாமல் வரவும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தோம். மகளிடமும் சொன்னோம். அவர் சாப்பிடாமல்தான் வந்தார். ஆனால் வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். லேபில் இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரை எடுத்துவிட்டார்கள். ஒன்பதரை மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. ஏதோ சொல்ல முயன்றிருக்கிறார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று வாசலில் இருந்தவர் நினைத்துவிட்டார். நாங்கள் பார்த்தபோது சர்க்கரை 48. இவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுதிக் கொடுத்தும் ஏன் இப்படி ஆனது? சைகை மொழிபெயர்ப்பாளரை வேலைக்கு வைக்க எங்களுக்கு வசதி இல்லை. நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. சாப்பிடாமல் வரச் சொன்னீர்கள், சாப்பிடாமல் வந்தார். ஒருநாளும் ஊசியை விடக் கூடாது என்று முன்பே சொல்லியிருப்பீர்கள், விடாமல் போட்டுக்கொண்டார். இந்த இரண்டு அறிவுரையும் மோதிக்கொள்ளும் நாளில் எதை விட வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

காது கேட்கும் நோயாளிக்கும் நாம் கொடுப்பது இதே சீட்டுதான். ஆனால் அவர் வாசல்வரை போய்த் திரும்பி, "ஊசியப் போட்டுட்டு வரட்டுங்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிடுவார். அவர் கேட்காவிட்டாலும், பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் பழைய சர்க்கரை நோயாளி பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார். மருத்துவமனைக்குள் அப்படிக் காதில் விழுகிற செய்திகள் ஏராளம். நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவையே நிரப்பிவிடுகின்றன. காது கேளாதவருக்கு அந்த வழி இல்லை. நீங்கள் நேராக அவருக்குச் சொன்னது மட்டுமே அவரிடம் இருக்கும். அதனால் அவருக்குச் சொல்வது கூடுதல் முழுமையோடு இருந்தாக வேண்டும். மருந்தின் அளவைச் சரிபார்ப்பது போல இதையும் சரிபார்க்க வேண்டும். அவருக்கு 48-க்கு இறங்கியது இன்சுலினால் மட்டுமல்ல, அரைகுறையாகப் போய்ச் சேர்ந்த அறிவுரையாலும்தான்.

எழுதிக் கொடுத்தும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பிறவியிலேயே கேட்காதவருக்குத் தமிழ் காதுவழியாக வந்த மொழி அல்ல. அவர் சிந்திக்கும் மொழி சைகை மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழை அவர் பள்ளியில் எழுத்தாகத்தான் படித்தார். நம் நாட்டுக் காது கேளாதோர் பள்ளிகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் உதட்டசைவையும் பேச்சுப் பயிற்சியையும் முன்வைத்தே பாடம் நடத்தின. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்து ஒருவர் எவ்வளவு தமிழ் வாசிப்பார் என்று கணிக்க முடியாது. கதைப் புத்தகமே படிப்பவர்களும் இருக்கிறார்கள், பெயரும் எண்ணும் மட்டும் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். படித்ததும் அறிவும் வேறு வேறு. சீட்டைப் படிக்கத் திணறுபவர் தையற்கூடத்தில் நுட்பமான வேலை செய்பவராக இருக்கலாம்.

தமிழில் 'வேண்டாம்' என்னும் பொருள் பல நேரம் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 'சாப்பிட்டு வரவும்', 'சாப்பிடாமல் வரவும்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணால் மட்டும் படிப்பவருக்கு முதலில் தெரிவது 'சாப்பிடு', 'வா'. வித்தியாசம் நடுவில் இருக்கும் ஓரிரு எழுத்தில். 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்' என்பதும் இப்படித்தான். இந்திய சைகை மொழியில் நேரம் முதலில் வரும், மறுப்பு கடைசியில் தனியாக வரும். உங்கள் சீட்டையும் அந்த வரிசையில் எழுதுங்கள். ஒரு வரியில் ஒரு செய்தி, எண்களை எப்போதும் இலக்கமாக, வேண்டும் வேண்டாம் என்பதற்கு ✓ ✗ குறி. அவருக்கு அன்று கொடுத்திருக்க வேண்டிய சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

இன்று இரவு 9 மணிக்குப் பிறகு – சாப்பாடு ✗ பால் ✗ தண்ணீர் ✓
நாளை காலை வீட்டில் – சாப்பாடு ✗ காபி ✗ ஊசி ✗ தண்ணீர் ✓
காலை 7 மணி – மருத்துவமனை. ரத்தம்.
ரத்தம் முடிந்தது – ஊசி ✓
30 நிமிடம் கழித்து – சாப்பாடு ✓
சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து – மறுபடி ரத்தம்.

தட்டு, ஊசி, தண்ணீர் டம்ளர் படங்களைப் பக்கத்தில் வரைந்துவிடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. ஊசி மருந்தையும் டிபன் டப்பாவையும் கையோடு கொண்டுவரச் சொல்லும் ஒரு படமும் வேண்டும். 30 நிமிடம் என்பது 30/70 ஹியூமன் கலவை இன்சுலினுக்குப் பொருந்தும். வேறு வகையானால் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சீட்டை 50 பிரதி அச்சடித்து வைத்தால் எழுத்துப் படிக்காத பாட்டிகளுக்கும் அதுவே உதவும்.

சீட்டு கொடுத்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் தலையாட்டல்தான். சைகை பேசுபவர்களின் தலையாட்டலுக்குப் பல நேரம் 'கவனிக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்றுதான் பொருள். மருத்துவமனையில் அதோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. புரியவில்லை என்று காட்டினால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார், பின்னால் வரிசை நீளும். இதைச் சிறுவயது முதலே பார்த்துப் பழகியவர் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அதற்குப் பதிலாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். மேசையில் சிரிஞ்சு, ஒரு தட்டு, ஒரு பொம்மைக் கடிகாரம். "நாளைக் காலை?" என்று கேட்டுவிட்டு, அவர் எதை முதலில் எடுக்கிறார் என்று பாருங்கள். தவறாக எடுத்தால் சொன்ன விதம் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு, வேறு விதமாகச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்சுலின் விஷயத்தில் கண்ணால் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. குப்பி மருந்து மில்லிக்கு 40 யூனிட் என்றால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி. கடைக்காரர் மாற்றிக் கொடுத்து, "இதுல கணக்கு வேற" என்று வாயால் சொல்லி அனுப்பினால் அது இவருக்கு எட்டாது. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை எடுத்தால் உடம்பில் போவது 25 யூனிட். ஆகவே குப்பியும் சிரிஞ்சும் சேர்ந்த ஒரு படத்தைப் போனில் எடுத்து அவரிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். கடையில் அதைக் காட்டினால் போதும். நாளை அவர் பேனா ஊசிக்கு மாறினால், 'டக் டக்' என்ற சத்தத்தை எண்ணச் சொல்லிக் கொடுப்பதில் பயனில்லை. சிறு ஜன்னலில் தெரியும் எண்ணைப் பார்த்து வைக்க வேண்டும், அழுத்திய பிறகு அது 0-க்கு வந்ததைப் பார்த்து, பத்து நொடி ஊசியை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவி, டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டும் 'பீப்' என்று கத்தித்தான் வேலை முடிந்ததைச் சொல்கின்றன. திரையில் எது நின்றால் அல்லது மாறினால் முடிந்தது என்பதைக் காட்டிக்கொடுங்கள்.

இப்போது அந்தக் குழந்தையைப் பற்றி. அவள் வருவதைத் தடுக்க வேண்டாம், அப்பாவுக்கு அது தெம்பு. ஆனால் மருத்துவச் செய்தியை அவள் வழியாக அனுப்பாதீர்கள். 11 வயதுக்கு 'வெறும் வயிறு', 'யூனிட்', 'கிட்னி பாதிப்பு' போன்றவற்றுக்குச் சைகை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. தெரியாததை அவள் விட்டுவிடுவாள். பயமுறுத்துவதையும் விட்டுவிடுவாள், அப்பா கவலைப்படுவாரே என்று. ஆணுறுப்புத் தொல்லை, குடிப் பழக்கம், மனச்சோர்வு போன்றவற்றை ஒரு தகப்பன் மகள் முன்னால் சொல்லவும் மாட்டார், நாம் கேட்கவும் கூடாது. நீரிழிவில் இவையெல்லாம் கேட்டே ஆக வேண்டியவை. அன்று ஊசியைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டது பெரியவர்களான நாம். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியது தன்னால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியில்லை என்பதை அடுத்த தடவை வரும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரியவர்களான உறவினர்களிடமும் எச்சரிக்கை தேவை. கர்ப்பிணி ஒருத்தி மாமியார் வழியாகப் பேசும்போது வீட்டில் அடி விழுகிறதா என்று தெரியவே தெரியாது.

மொழிபெயர்ப்பாளரைச் சம்பளத்துக்கு வைக்கத் தேவையில்லை. எல்லா வருகைக்கும் தேவையுமில்லை. நோயை முதன்முதலில் விளக்கும் நாள், இன்சுலின் போன்ற புதிய சிகிச்சை தொடங்கும் நாள், அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும் நாள், கெட்ட செய்தி சொல்லும் நாள் ஆகியவற்றில் கட்டாயம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள். ஊரில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் அங்கே கேட்பது இன்னும் நல்லது, யார் நன்றாகச் சைகை செய்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நேரில் வர இயலாவிட்டால் வாட்ஸாப் வீடியோ அழைப்பு போதும். போனைக் கையில் பிடிக்காமல் நிறுத்தி வைத்து, நோயாளியின் இடுப்பிலிருந்து தலைக்கு மேல்வரை, இரு கைகளும் வெளியே போகாதபடி தெரிய வேண்டும். முன்பே நாளும் நேரமும் பேசி, அந்த வருகைக்கு வழக்கத்தைப் போல இரு மடங்கு நேரம் ஒதுக்கி வையுங்கள். யாரை அழைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் நோயாளியிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள். காது கேளாதோர் உலகம் சிறியது. அவருடைய பழைய ஆசிரியர் முன்னால் பேச அவருக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்தள்ளி உட்கார வேண்டும். அப்போதுதான் நோயாளியின் கண் இருவரையும் ஒருசேரப் பார்க்கும். மருத்துவர் நோயாளியின் முகம் பார்த்து, "உங்களுக்குக் கால் மரத்துப் போகுதா?" என்று கேட்க வேண்டும். "அவருக்குக் கால் மரத்துப் போகுதான்னு கேளுங்க" என்று சொன்ன கணமே நோயாளி அந்த அறையில் மூன்றாம் ஆளாகிவிடுகிறார்.

அன்றாட வருகைகளுக்கு நீங்களே இருபது முப்பது சைகைகள் கற்றுக்கொள்ளலாம். வலி, காய்ச்சல், தலைசுற்றல், ஊசி, மாத்திரை, சாப்பாடு, ரத்தம், நாளை, பொறுங்கள், மன்னிக்கவும். 2015-இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மருத்துவச் சொற்களும் அதில் உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் சைகை மாறும். அகராதியில் பார்த்ததைச் செய்து காட்டி, "உங்கள் சைகை எது?" என்று அவரிடமே கேட்டு அதைப் பழகுங்கள். இதை வைத்துக்கொண்டு ஒப்புதல் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பேசும்போது சின்னச் சின்னதாகக் கெடுபவை பல. மருத்துவரின் நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் அவர் முகம் நிழலாகத்தான் தெரியும். வெளிச்சம் மருத்துவரின் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்புங்கள். மூன்று முதல் ஐந்து அடி தூரம் போதும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினால் அந்தப் பேச்சு வீண். ஸ்கேன் படத்தைக் காட்டிக்கொண்டே விளக்கவும் முடியாது, அவருக்கு இருப்பது இரண்டு கண். காட்டுங்கள், நிறுத்துங்கள், அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு சொல்லுங்கள். முகக்கவசம் போட்டே ஆக வேண்டிய நோயாளி என்றால் உதட்டை நம்பாமல் எழுத்துக்குப் போங்கள். உதட்டை வாசிப்பவர்களிலும் ஒருவர் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுதான், 'க' வாயின் உட்பக்கம் பிறப்பதால் தெரிவதேயில்லை. மீதியை அவர் ஊகத்தால் நிரப்புகிறார். மருந்தின் பெயரையும் அளவையும் ஊகத்துக்கு விடக் கூடாது. ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே மூன்று தடவை சொல்லாமல் சொற்களை மாற்றிச் சொல்லுங்கள். கத்துவது எதற்கும் பயன்படாது. உதட்டின் வடிவம் கெடும், முகம் கோபமாகத் தெரியும், காது மிஷின் போட்டவருக்கு ஒலி உடைந்து கேட்கும்.

காத்திருக்கும் இடத்தில் நடந்ததுதான் அன்று காரியத்தைக் கெடுத்தது. பெயர் கூப்பிட்டால் வரமாட்டார் என்று தெரிந்தும் பெயர் கூப்பிடுவது அவரை வெளியே நிறுத்துவதற்குச் சமம். பதிவு செய்யும்போதே ஓ.பி. சீட்டின் மேல்மூலையில் காதுப் படம் ஒன்றைக் குத்திவிடுங்கள். அதன் கீழே அவர் விரும்பும் வழியை எழுத வேண்டும்: சைகை, எழுத்து, உதட்டசைவு, காது மிஷின். அவரிடமே கேட்டு எழுத வேண்டும். 'டி அண்ட் டி' (deaf and dumb, 'செவிட்டூமை') என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது இழிவு, அதோடு எப்படிப் பேச வேண்டும் என்ற தகவலும் அதில் இல்லை. அந்தச் சீட்டு லேப், எக்ஸ்ரே, மருந்தகம் எங்கு போனாலும் அங்கிருப்பவர் எழுந்து வந்து, முன்பக்கமாக நின்று, தோளை லேசாகத் தொட்டுக் கூப்பிட வேண்டும். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுவார். வெறும் வயிற்றில் வந்திருக்கும் இன்சுலின் நோயாளியை, காது கேட்டாலும் கேட்காவிட்டாலும், வரிசையில் முதலில் எடுப்பது நல்லது. முன்பதிவு, ரிப்போர்ட் இரண்டுக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு எண் வையுங்கள். "போன் பண்ணிக் கேட்டுக்குங்க" என்று அச்சடித்த ரசீது அவருக்கு எதற்கு?

வாசலில் இருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சர்க்கரை இறங்கும்போது சைகை பேசுபவரின் கைகள் குழறும், நமக்கு நாக்கு குழறுவது போல. அசைவுகள் பெரிதாகி, முகம் கடுத்துக் கோபப்படுவது போலவும் தெரியும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் எதைப் பார்த்தாலும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது எல்லாருக்கும் பழக வேண்டும். 70-க்குக் கீழே இருந்து, விழிப்போடு விழுங்க முடிந்தால், 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்). பக்கவாதத்திலும் இதே விழிப்பு வேண்டும். பேசச் சொல்லிப் பார்க்கும் சோதனை இவரிடம் நடக்காது. சைகை செய்யச் சொல்லி, வீட்டாரிடம் "இவர் சைகை வழக்கம்போல இருக்கா?" என்று கேட்க வேண்டும். தலையில் அடிபட்டு வருபவரின் சுயநினைவை அளக்கப் பேச்சுக்கு மதிப்பெண் போடும்போது அவர் சைகையில் சரியாகப் பதில் சொன்னால் அது சரியான பதில்தான். காது கேட்காததைக் கவனிக்காமல் குறைந்த மதிப்பெண் போட்டு, தேவையில்லாமல் பயப்படுவதும் நடக்கிறது.

படுக்கையில் சேர்க்க நேர்ந்தால் சிரையில் ஊசி குத்துவதற்கு முன் எந்தக் கையால் முதன்மையாகச் சைகை செய்கிறார் என்று பார்த்து, மற்றக் கையின் முன்கையில் போடுங்கள். மணிக்கட்டிலும் புறங்கையிலும் போட்டுக் கட்டைவைத்துக் கட்டினால் அவர் வாயைக் கட்டியது போல. இரு கைகளையும் கட்டுவது உயிர் காக்கும் அவசரத்தில் மட்டும். இரவில் விளக்கை முழுவதும் அணைக்க வேண்டாம், இருட்டில் அவரோடு பேச வழியில்லை. டிரிப் முடிந்து மெஷின் கத்தினால் அவருக்குத் தெரியாது என்பதால் அவர் படுக்கையைச் சுற்றிவந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு. மூக்குக்கண்ணாடி போடுபவராக இருந்தால் அதை அறுவை அரங்கின் வாசலில் கழற்றி டிராயரில் வைத்துவிடாதீர்கள். மயக்கம் கொடுக்கும்வரை கண்ணாடியும் காது மிஷினும் அவரிடமே இருக்கட்டும், கண் விழித்ததும் முதலில் அவற்றைக் கொடுங்கள்.

மார்பு எக்ஸ்ரேயில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்வது எட்டாது. முன்பே நேரில் நின்று, கையை உயர்த்தினால் மூச்சை இழு, மூடினால் பிடி, இறக்கினால் விடு என்று ஒத்திகை பார்த்துவிட்டு, அவர் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று காட்டுங்கள். பிரசவத்திலும் அப்படித்தான். முக்கச் சொல்பவர் காலடியில் நிற்பார், அவர் முகம் தாய்க்குத் தெரியாது. தோளருகே ஒருவரை நிறுத்தி, தோளில் இரண்டு தட்டு என்றால் முக்கு, உள்ளங்கையால் அழுத்தினால் நிறுத்து என்று வலி முற்றும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சிசேரியனில் திரை போட்டுவிட்டால் தலைமாட்டில் ஒருவர் முகக்கவசத்தைத் தாண்டியும் பேச ஏற்பாடு வேண்டும். அட்டைப் படங்கள் போதும். குழந்தை அழுதது அந்தத் தாய்க்குக் கேட்காது. எடுத்தவுடன் காட்டுங்கள்.

காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தவர் என்றால் உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது. எந்த மாடல் என்று அட்டையைப் பார்த்து உறுதிசெய்யாமல் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்பக் கூடாது. தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (அறுவையில் ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியின் ஒரு வகை) கூடாது, பைபோலார்தான். நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாரா என்றும் பாருங்கள், அவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வாய்ப்பு அதிகம். ஓரளவு கேட்கிறவருக்கு, காதைக் கெடுக்கக்கூடிய ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகளை எழுதுமுன் மாற்று உண்டா என்று மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, நாட்களைக் குறைத்து. ஏற்கெனவே கேட்காதவர்தானே என்று யாரும் நினைக்கக் கூடாது. வாசலில் ஹாரன் கேட்கும் அளவுக்கு மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் அவருக்குப் பெரிது.

உங்களிடம் வரும் முதியவர்களில் அரைகுறையாகக் காது கேட்பவர்கள் இவரைப் போன்றவர்களைவிட அதிகம். அவர்களுக்குச் சைகை தெரியாது, பலர் தமிழ் நன்றாகப் படிப்பார்கள். வயதில் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள். ஆகவே குரலை உயர்த்தாமல் தாழ்த்தி, மெதுவாக, அறையில் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். போனில் பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் செயலி இவர்களுக்கு நன்றாகப் பயன்படும், மருந்துப் பெயரையும் எண்ணையும் மட்டும் அது பிழையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லாத இடத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தாத்தாவின் காதில் மாட்டிவிட்டு, வட்டத்தில் மெல்லப் பேசலாம். காது மிஷின் போட்டும் திடீரெனக் கேட்கவில்லை என்பவருக்குப் பேட்டரியையும் காதுக் குரும்பியையும் முதலில் பாருங்கள்.

நிர்வாகத்திடம் இதற்குப் பணமும் நேரமும் கேட்க வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனை மட்டுமல்லாமல் தனியார் மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளிலும் தடையில்லாத அணுகலும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமையும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அதைக் காட்டுங்கள். மேலே சொன்னவற்றில் செலவு என்று வருவது மொழிபெயர்ப்பாளருக்கு ஆண்டில் சில மணி நேரக் கட்டணமும் அச்சடித்த சீட்டுகளும்தான். அந்தக் கட்டணத்தை நோயாளியின் பில்லில் சேர்க்காதீர்கள்.

அடுத்த முறை அவர் வரும்போது முதலில் பேச வேண்டியது, இரவில் வீட்டில் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதுதான். கணவன் மனைவி இருவருக்கும் கேட்காது, 108-க்குப் போன் செய்ய முடியாது. மனைவியையும் அழைத்து, வியர்வை, நடுக்கம், சைகை குழறல் ஆகிய மூன்றையும் படமாகக் காட்டி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அளந்து கலக்கச் சொல்லிக் கொடுங்கள். சிறு டப்பாவில் சர்க்கரை தலைமாட்டில் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அவர்களே தேர்ந்தெடுத்து, கதவைத் தட்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று முன்பே பேசிவைக்கட்டும். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை: "எனக்குக் காது கேட்காது. சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். வியர்த்து நடுங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். குடிபோதை அல்ல." பின்பக்கம் உங்கள் மருத்துவமனை எண்ணும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும். அதே அட்டையின் ஒரு பிரதியை உங்கள் வாசலில் இருப்பவரிடமும் காட்டிவிடுங்கள்.